இரண்டாவது மதிப்பெண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சேர்க்கைப் பிரிவின் சிறிய கூட்ட அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி, இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் கல்லூரியின் வக்கீல். கோப்பைத் திறக்காமல் அதன்மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். இடப்பக்கம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த புரோகிராமர் பெண், மடிக்கணினியோடு. கதவை ஒட்டிய நாற்காலியில், போகச் சொன்னால் உடனே எழுந்து போய்விட வசதியாக, புள்ளியக்கா. அவருக்கும் புரோகிராமருக்கும் நடுவில் நான், குறிப்பெடுக்க.

புள்ளியக்கா மதிப்பெண் சரிபார்ப்பில் இருபத்தாறு வருடம் இருந்தவர். நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் தேர்வு வாரியத்திலிருந்து அச்சிட்ட கட்டுகளாக வந்த காலத்தில், அவர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார், எதிரே ஒருவர் கணினியில் ஏற்றுவார். கையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில். படித்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். போன வருடம் மதிப்பெண்களை மென்பொருளே நேராக இழுத்துக்கொள்ள ஏற்பாடானதும், அவரை விசாரணை ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். நான் கடிதப் பிரிவு. உள்ளே வரும் கடிதம், வெளியே போகும் கடிதம், இரண்டும் பத்தொன்பது வருடமாக என் கை வழியாகத்தான். எதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வேன் என்பதால் ஆபீசில் என் பெயரே நகல்.

"சொல்லும்மா. சுருக்கமா," என்றார் இயக்குநர்.

"சுருக்கமாச் சொன்னா, முப்பத்தேழு பேரைத் தப்பா வெளியில நிறுத்திட்டோம் சார்," என்றாள் புரோகிராமர்.

"அவ்வளவு சுருக்கம் வேண்டாம்," என்றார் வக்கீல்.

அவள் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒருவர் ஒரு முறை எழுதலாம், இரண்டு முறையும் எழுதலாம். வாரியம் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஃபைல் அனுப்புகிறது. நம் மென்பொருள் அதைத் திறந்து, ஒவ்வொருவருடைய பதிவு எண்ணையும் தேடி, அவருடைய விண்ணப்பத்தில் மதிப்பெண் பெட்டியை நிரப்புகிறது.

"பெட்டியில ஏற்கெனவே ஒரு மார்க்கு இருந்தா என்ன செய்யணும்னு எங்களுக்குக் குடுத்த பேப்பர்ல இல்ல. இல்லாததுனால புதுசு வந்து பழசு மேல உக்காந்துக்கிச்சு. அடுத்த வருஷத்துக்குச் சோதனை பண்றப்ப பழைய ஃபைலை மறுபடி ஓட்டிப் பாத்தேன். ரெண்டு தடவை எழுதினவங்க இருநூத்திப் பன்னெண்டு பேர். அதுல முப்பத்தேழு பேருக்கு முதல் மார்க்கு கட்ஆஃபுக்கு மேல, ரெண்டாவது கீழ. அவங்க எல்லாருக்கும் இடம் இல்லைன்னு கடிதம் போயிருக்கு."

புள்ளியக்காவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "ரெண்டு மார்க்கு வந்தா பெரிசைத்தானே எடுக்கணும்? நான் பெரிசுக்குத்தான் புள்ளி வைப்பேன். சின்னதைப் படிக்கவே மாட்டேன். இதையெல்லாம் யாராவது சொல்லணுமா என்ன?"

"மிஷினுக்குச் சொல்லணும் மேடம்."

"மேடமா? ஜன்னல்ல உக்காந்து டோக்கன் கிழிக்கறவ மேடமா? அக்கான்னே சொல்லு தாயி."

இயக்குநர் என்னைப் பார்த்தார். "அந்தப் பேப்பர் நீங்க எழுதினதுதானே?"

நான்தான். மதிப்பெண் ஏற்றும் வேலையைப் படிப்படியாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, ஆபீசில் ஒழுங்காக எழுதக்கூடிய ஆள் நகல்தான் என்று என்னிடம் தள்ளினார்கள். மூன்று நாள் புள்ளியக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கட்டைப் பிரிப்பது, முத்திரையைப் பார்ப்பது, பக்க எண் சரிபார்ப்பது, படிப்பது, ஏற்றுவது, திரும்பப் படிப்பது என்று அறுபத்திரண்டு படிகள் எழுதினேன். அந்த மூன்று நாளும் வந்தது முதல் தேர்வின் கட்டுகள் மட்டுமே. இரண்டாம் தேர்வு முடிவுகள் வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு வரி என்பது என் கண்முன் ஒரு தடவைகூட நடக்கவில்லை. எழுதி முடித்ததைப் புள்ளியக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு படியாக விரல் வைத்துப் படித்து, "எல்லாம் நான் செய்யறதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். அதுவும் பொய்யில்லை. அதில் இருந்தது எல்லாம் அவர் செய்வதுதான். அவர் செய்வது எல்லாம் அதில் இல்லை.

"நான் எழுதினதுதான் சார்," என்றேன்.

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பதற வேண்டாம். மாணவர் கையேட்டுல 'இரண்டு முறை எழுதலாம்'னுதான் இருக்கு. எதை எடுப்போம்னு நாம எங்கயும் வாக்குக் குடுக்கல. மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகணும்னா கடிதத் தேதியிலிருந்து தொண்ணூறு நாள் கெடு. மூணு தொகுதியாக் கடிதம் போயிருக்கு. முதல் தொகுதியில பதினாலு பேர். அவங்க கெடு போன புதன்கிழமையோட முடிஞ்சது. ரெண்டாவது தொகுதி பன்னெண்டு பேர், இந்த வெள்ளிக்கிழமை. மூணாவது பதினொரு பேர், அடுத்த வெள்ளி. பத்து நாள்ல எல்லாம் தானா அடங்கிடும்."

"தானா அடங்க அது என்ன காய்ச்சலா?" என்றார் புள்ளியக்கா. "படிக்க வந்த புள்ளைங்கய்யா."

"நான் உங்களுக்கு மெயில் போட்டுப் பதினாறு நாள் ஆச்சு சார்," என்று புரோகிராமர் இயக்குநரிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு முப்பத்தேழு பேருக்கும் கெடு இருந்துச்சு."

"ஒரு நாளைக்கு எனக்கு இருநூறு மெயில் வருதும்மா," என்றார் அவர். பிறகு என்னிடம், "வெளியில யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். ரெண்டு வரியில ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வழிமுறை ஆவணத்தின்படியே மென்பொருள் செயல்பட்டது. குறை எதுவும் எழுத்துமூலமாக வரவில்லை."

"வந்திருக்கு சார். ஒன்பது கடிதம்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"நிலையான பதில் எண் நாலு."

"அதுல என்ன இருக்கு?"

எனக்கு அது மனப்பாடம். "'மதிப்பெண்கள் தேர்வு வாரியத்திடமிருந்து நேரடியாகப் பெறப்படுவதால் பிழைக்கு இடமில்லை. கல்லூரியின் முடிவே இறுதியானது.'"

"நல்ல பதில்," என்றார் வக்கீல். மனதாரத்தான் சொன்னார்.

பட்டியல் கைமாறி என்னிடம் வந்தது. பெயர்கள் இல்லை, விண்ணப்ப எண்கள் மட்டும். முதல் தொகுதியில் பதினோராவது வரி 40718. அந்த எண் என் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் நான்கு மாதம் ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படும். பக்கத்தில் 648. 511.

பட்டியலைப் புள்ளியக்காவிடம் நகர்த்தினேன். குறிப்பேட்டில் நேரம் மட்டும் எழுதினேன். பதினொன்று பத்து.

அக்கா மகள் கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பம் போட்ட அன்றே, 'உறவினர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், அவர் கோப்பை நான் திறக்க மாட்டேன்' என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை நான் இன்றுவரை மீறவில்லை. ஒரே ஒரு உதவிதான் செய்தேன், அதுவும் யோசனை சொன்னதுதான். முதல் தேர்வில் அவள் 648 வாங்கியிருந்தாள். இது போதுமா மாமா என்று கேட்டாள். "போதும்னுதான் தோணுது. எதுக்கும் ரெண்டாவதும் எழுதிடு. ரெண்டுல பெரிசைத்தான் எடுப்பாங்க. உனக்கு ஒரு சேதாரமும் இல்ல," என்றேன். மழைக்கு ஒதுங்கினால் குடையை மடக்க வேண்டும் என்பது போல அந்த வழக்கம் எனக்குத் தெரிந்திருந்தது. அதே மாதம்தான் அறுபத்திரண்டு படிகளையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவள் மருத்துவமனை நடையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கி, அங்கிருந்தே தேர்வுக்குப் போனாள். 511 வந்தது. "பரவால்ல மாமா, அதான் பெரிசு கையில இருக்கே," என்று சிரித்தாள்.

கடிதம் வந்த அன்று என்னிடம் நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே? அழகா இருக்கு," என்றாள். நானூறு கடிதம் ஒன்றாக அச்சாகி வந்தன. பெயரைப் பார்க்காமல் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தேன். பெயரைப் பார்க்கக்கூடாது என்பதும் என் கணக்கில் ஒரு நேர்மையாகத்தான் இருந்தது.

"என் 648 என்ன ஆச்சுன்னு எழுதிக் கேக்கட்டுமா மாமா?"

"வேண்டாம். நான் வேலை பாக்கற இடம். மாமன் தூண்டிவிட்டுக் கேக்க வைக்கறான்னு பேச்சு வரும். இந்த வருஷம் கட்ஆஃப் ஏறியிருக்கும்." கல்லூரி கட்ஆஃபை வெளியிடுவதில்லை. ஏறியதா என்று நான் பார்க்கவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவள் கேட்கவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அத்தான் படுத்திருந்த அதே மருத்துவமனை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அத்தான் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அக்கா அவருடைய அசையாத கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெண் தரையில் உட்கார்ந்து ஒரு வாளி வெந்நீரில் கால்களை விட்டிருந்தாள். காலை ஐந்தரையிலிருந்து இரண்டு மணிவரை நின்றபடியே வேலை. விரல் இடுக்கெல்லாம் ப்ளீச்சிங் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"என்ன மாமா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றாள். "அட்டவணையில இல்லாத நேரத்துல வந்திருக்கீங்க. அம்மா, மாமாவுக்கு உடம்புக்கு என்னன்னு கேளு."

"சும்மா இருடி. உக்காரு தம்பி. டீ போடறேன்."

"டீ வேண்டாம்க்கா."

"பாத்தியா, டீயும் வேண்டாமாம். கண்டிப்பா உடம்புதான்."

நான் உட்காரவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. ஃபைல், பெட்டி, பெட்டியில் புதியது பழையதன் மேல் விழுந்தது, எழுதாமல் விட்டது நான், முப்பத்தேழு பேர், அதில் பதினோராவது வரி. பாதியில் அக்காவின் கையில் நகவெட்டி நின்றுவிட்டது. அத்தான் எல்லாம் புரிந்துகொள்வார், பேச்சுதான் வராது. அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"கட்ஆஃப் எவ்வளவு?" என்று அவள் கேட்டாள்.

"அறுநூத்திப் பத்து."

"எனக்கு முப்பத்தெட்டு கூடவே இருந்திருக்கு."

"ஆமா."

"கேக்கறதுக்குக் கெடு எதுவும் இருக்கா?"

"முடிஞ்சு ஆறு நாள் ஆச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில. இயக்குநருக்குத் தெரிஞ்சு பதினாறு நாள்."

வாளியிலிருந்து ஒரு காலை எடுத்தாள், துடைத்தாள். அடுத்த காலை எடுத்தாள், துடைத்தாள். துண்டை நான்காக மடித்தாள். சலவைக்கூடத்துப் பழக்கம், ஓரத்தோடு ஓரம் பொருத்தி.

அக்காதான் பேசினாள். "அவ கேக்கறேன்னுதானே சொன்னா தம்பி. நீதானே வேண்டாம்னே."

"ஆமாக்கா."

"உன் பேரு கெட்டுடும்னுதானே."

அக்கா திரும்பி அத்தானின் கையை எடுத்து, விட்ட விரலிலிருந்து தொடங்கினாள். பிடி சரியாக அமையவில்லை போல, இரண்டு முறை கீழே வைத்து எடுத்தாள்.

"மத்தவங்களுக்கு?" என்றாள் பெண்.

"பன்னெண்டு பேருக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. பதினொரு பேருக்கு அடுத்த வெள்ளி. சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க."

"அப்ப இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"உன்கிட்ட சொல்லணும்னு..."

"சொல்லிட்டீங்க இல்ல? கிளம்புங்க மாமா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நாளைக்கு அஞ்சரைக்கு எனக்கு ஷிஃப்ட். கிளம்புங்க."

என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். எப்போதும் படிமுனை வரை வந்து, அந்த வார ஆபீஸ் கதை எதையாவது கேட்டுச் சிரித்துவிட்டுப் போவாள்.

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நான்கு வருடத்தில் முதல் விடுப்பு. யாருக்கு எந்த நாளில் எந்தக் கடிதம் போனது என்ற அனுப்புகைப் பதிவேட்டின் நகல் வீட்டில் இருந்தது. விண்ணப்ப எண், முகவரி எல்லாம் அதில் அச்சிலேயே இருந்தன. கூட்டத்தில் வந்த பட்டியலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். பெரிய தபால் நிலையத்தில் எழுதுவதற்கென்று ஒரு நீள மேசை போட்டிருப்பார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். கல்லூரியின் தாளில் எழுதவில்லை, வெள்ளைத் தாளில்தான். மேலே தேதி, கீழே என் பெயர், பதவி, வீட்டு முகவரி.

'தங்களுக்கு இடமில்லை என்று நான் அனுப்பிய கடிதம் தவறானது. தங்களுடைய இரண்டு மதிப்பெண்களில் குறைந்ததைக் கணக்கில் எடுத்துவிட்டோம். இந்தக் கடிதத்தை இணைத்து, தாங்களே கையெழுத்திட்டு, கீழ்க்கண்ட தேதி மாலை ஐந்து மணிக்குள் மேல்முறையீட்டு மன்றத்தில் கொடுக்கவும். தள்ளிப்போட வேண்டாம்.'

இருபத்து மூன்று பேருக்கும் இதே வாசகம். தேதி மட்டும் இரண்டு விதம். முதலில் வெள்ளிக்கிழமைக்காரர்கள் பன்னிரண்டு பேர். பத்தே முக்காலுக்கு அந்தப் பன்னிரண்டும் விரைவுத் தபாலில் போயின.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் புள்ளியக்கா வந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. காலையில் என் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தே ஊகித்துவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு கொத்து டோக்கன்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் வெள்ளிக்கிழமைக்காரர் ஒருவரின் போன் நம்பர், விண்ணப்பத்தைப் பார்த்து எழுதியது.

"தபாலை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கியா? நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேந்தா வெள்ளிக்கிழமை எப்படி வருவாங்க? போனைப் போடு."

வெளியே வராந்தாவில் நின்று போட்டேன். ஐந்து பேர் எடுத்தார்கள், நம்பினார்கள். ஒரு பெண் நான் ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு வைத்தாள். கொஞ்சம் கழித்து அவளே கூப்பிட்டு, எந்தத் தெரு, எந்த மாடி என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நான்கு பேர் எடுக்கவேயில்லை. ஒரு நம்பர் இப்போது புழக்கத்திலேயே இல்லை. கடைசியாக ஒரு தகப்பனார்.

"உங்க பேரு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "போன மாசத்துக்கு முந்தின மாசம் நான் ஒரு கடிதம் எழுதினேன். பையனுக்கு 633 இருக்கே, எப்படின்னு. பிழைக்கு இடமில்லைன்னு பதில் போட்டவர் நீங்கதானே?"

"நான்தான். அந்தப் பதில் தப்பு. மன்னிச்சுக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பையன் கையெழுத்தோட..."

"அவன் கப்பல்ல ஏறிட்டான் சார். சமையல்கட்டு உதவியாளா. இன்னும் ஒன்பது மாசம் கழிச்சுத்தான் இறங்குவான்." பின்னால் யாரோ என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. "நான் போடலாமா சார் கையெழுத்து? அப்பன்தானே நான்."

"விதியில அப்படி இல்லைங்க."

"இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்தார். ஏளனமாகச் சொல்லவில்லை. அதை என்னால் இன்றும் எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

மேசைக்குத் திரும்பியபோது புள்ளியக்கா மிச்சப் பதினோரு உறைகளையும் ஒட்டி, கவுன்டரில் கொடுத்து முடித்திருந்தார். கெடு கடந்த பதினான்கு பேருக்காக மன்றத்துக்கு எழுதவேண்டிய கடிதம் மட்டும் பாக்கி. கெடுவைத் தளர்த்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதுவரை தளர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தளர்த்த வேண்டுமானால் கல்லூரிக்குத் தெரிந்த நாள் எது, சொல்லாமல் வைத்திருந்த நாட்கள் எத்தனை என்று ஒருவர் பெயர் போட்டு எழுத வேண்டும். எழுதினேன். மெயில் வந்த தேதி, கூட்டம் நடந்த தேதி, கூட்டத்தில் என்ன முடிவானது, ஆவணத்தை எழுதியவன் யார். புரோகிராமரின் பெயரை மட்டும் எழுதவில்லை, நிறுவனம் என்று போட்டேன். பிறகு பதினான்கு எண்கள்.

புள்ளியக்கா என் தோளுக்கு மேலாகப் படித்தார். பதினோராவது எண் வந்ததும் விரலை வைத்தார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே அந்த எண் அவருக்கும் தெரியும்.

"நகலு, இதை எடுத்துடு."

"ஏன்?"

"ஏனா? இது உன் அக்கா பொண்ணு. இதை வெச்சிருந்தா அந்த வக்கீல் மத்த எதையும் படிக்க மாட்டான். 'பாருங்க, சொந்தக்காரப் புள்ளைக்காகத்தான் இந்த ஆளு இவ்வளவும் ஜோடிக்கறான்'னு ஒரே வார்த்தை. பதிமூணு புள்ளைங்களும் அவளோட சேந்து போயிடும். எனக்கு மட்டும் அவமேல பாசமில்லையா? ஆனா கணக்கு அதான்."

அவர் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா மகளிடம் கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். சலவைக்கூடத்தில் போனை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டரைவரை பொறுத்து மறுபடி போட்டேன். இந்த முறை இரண்டு தடவை ஒலித்ததும் துண்டிக்கப்பட்டது. அவள் கையிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

புள்ளியக்கா ஜன்னலுக்குத் திரும்பிப் போயாகிவிட்டது. புதிய தாளில் பதிமூன்று எண்களோடு கடிதத்தைத் திரும்ப எழுதினேன். படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லாத கடிதம். படிக்கிற யாரும் நம்பக்கூடிய கடிதம். பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி எவ்வளவு நேரம் படித்தேன் என்று எழுதி வைக்கவில்லை. எதிரே ஒரு அம்மாள் பார்சலுக்குக் கயிறு கட்டத் தெரியாமல் என்னிடம் உதவி கேட்டார். கட்டிக் கொடுத்தேன்.

பதிமூன்று பேரை நான் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டிலும் யாராவது துண்டை மடித்துக்கொண்டிருக்கலாம். பதினான்காவது ஆளை ஒரு தடவை என் பேருக்காக வாயை மூடச் சொன்னேன். இப்போது அவர்களுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

பதிமூன்று எண் இருந்த தாளைக் கிழித்தேன். முதல் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இடமிருந்த அளவுக்கு எழுதினேன்:

'வரிசை எண் 11 என் உடன்பிறந்த அக்காவின் மகள். தன் மதிப்பெண் பற்றிக் கல்லூரியிடம் எழுதிக் கேட்க அவள் விரும்பினாள். கேட்காதே என்று தடுத்தவன் நான். இந்த உறவைக் காரணம் காட்டி மற்றப் பதிமூன்று பேரையும் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தள்ளுவதானால், அதற்கும் பொறுப்பு என்னுடையது.'

மணி நான்கே கால். ஆபீசிலிருந்து மூன்று அழைப்பு வந்திருந்தது. இரண்டு வரிக் குறிப்பு இன்னும் வரவில்லையே என்று இயக்குநர் கேட்டிருப்பார்.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். உறை வாயின் பசை காய்ந்து பிடிக்கவில்லை. மேசையிலிருந்த பசைப்புட்டியைச் சுரண்டித் தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். கவுன்டரில் இருந்தவர் உறையை எடைபோட்டு, திருப்பிப் பார்த்தார்.

"ஈரம் காயலையே சார். பிரிஞ்சுக்கப் போகுது."

"பிரியாது. போடுங்க."

அவர் முத்திரையை இரண்டு முறை குத்தி, எனக்கு ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். நாலரை மணி வண்டிக்காரன் வந்து சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.